கைக்குள்ளால் போக விடுதல்

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் கார் பழக்கும் வேலையிலிருந்து நான் பெற்றது ஓய்வுதான். ஒன்பது வருடம் மொன்ட்ரியால் தெருக்களில், ஓட்டுபவருக்கு வலப்பக்கத்து இருக்கையில், காலடியில் ஒரு மேலதிக பிரேக்குடன் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஸ்டியரிங் பாகங்களைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. அங்கே ஸ்டியரிங்கைத் திருப்புவது ஒரு மோட்டர். அது என்னிடம் கேள்வி கேட்பதில்லை, இடையில் அழுவதுமில்லை.

சென்ற மாதம் பழைய பயிற்சிப் பள்ளியிலிருந்து சிந்துஜா அழைத்தாள். நான் விலகியபோது என் இடத்துக்கு வந்த பிள்ளை.

"தாரணி அக்கா, புதுக் கார் ரெண்டு வந்திருக்கு. ரோட்டுக் கோட்டிலை ஏறினால் ஸ்டியரிங் தானாத் திரும்புது. பழகுற ஆக்கள் பயந்து கையை எடுத்துப்போடுகினம். நீங்கள் எஞ்சினியரிங் படிச்சனீங்கள்தானே, ஸ்டியரிங் பிடிக்கிறதைப் பற்றி ஒரு நோட்ஸ் எழுதித் தாங்கோவன்."

"எத்தினை பக்கம் வேணும்?"

"அக்கா, நீங்கள் எழுதினா பட்டியலாத்தானே வரும். ஒரு பக்கம் காணும்."

பட்டியலாகத்தான் தொடங்கினேன். ஒன்று: கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படும்படி இருக்கையை வைக்கவேண்டும். இரண்டு: கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். மூன்று: பார்வை, கார் போகவேண்டிய இடத்தில். நான்கு: வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைக்கவேண்டும், திருப்பத்தில் அல்ல. ஐந்து: திருப்பம் முடியும்போது ஸ்டியரிங்கை...

ஐந்தாவதில் வினைச்சொல் இல்லாமல் நின்றுவிட்டேன். ஒரு வாரம் கடந்தும் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று சிந்துஜாவுக்கு விளக்க முயன்றதில் பட்டியல் போய் இந்தக் கட்டுரை வந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் முடியவில்லை, மன்னிக்கவும்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் மொன்ட்ரியால்-நோரில் ஒரு பண்டகசாலையின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் அப்பாவிடம் கார் பழகினேன். பிறகு இயந்திரத் தொழில்நுட்பம் படித்தேன். படித்து முடித்த வருடம் வேலை கிடைக்காமல், பயிற்றுநர் சான்றிதழ் எடுத்து, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். அவ்வளவுதான்.

தலைமைப் பயிற்றுநர் குகன் அண்ணை. எங்கள் எல்லோரைவிடவும் வயதில் மிக மூத்தவர், ஆனால் பள்ளியில் எல்லோருக்கும் அண்ணைதான். எந்தக் குளிரிலும் இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புதிய பயிற்றுநரைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. பின்னிருக்கையில், ஓட்டுபவருக்கு நேர் பின்னால் ஏறுவார். பெல்ட் போடுவார். கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். முன்னொரு காலத்தில் யாரோ பின்னால் வந்து மோதியதில் அவருடைய கழுத்து நொந்துபோயிருந்தது. அன்றிலிருந்து ஸ்டியரிங் எப்படித் திரும்புகிறது என்பதை அந்தக் கழுத்து அவருக்குச் சொல்லுமாம்.

நான் ஓட்டிக் காட்டிய முதல் நாள், செயின்ட்-மிஷேலைச் சுற்றி அரை மணி நேரம் மூடிய கண் திறக்கவில்லை. இறங்கும்போதுதான் பேசினார்.

"நல்லா ஓடுறாய். ஆனா கணக்குப் பாத்து ஓடுறாய்."

"அது பிழையோ அண்ணை?"

"எனக்குத் தெரியாது. கழுத்து நோகேல்லை."

அவரிடம் வேலை செய்த காலம் முழுவதும் எனக்கு இதே நிலைதான். கையைக் கைமேல் மாற்றிப் போட்டுத் திருப்புவதா, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுப்பதா என்று கேட்டேன். "ரெண்டும் சரி" என்றார். பழைய புத்தகத்தில் பத்தும் இரண்டும், புதிய புத்தகத்தில் ஒன்பதும் மூன்றும் என்று இருக்கிறதே, எதைப் பழக்குவது என்றேன். "பரீட்சை வைக்கிற ஆளுக்கு எது பிடிக்குமோ அது" என்றார். எழுதிக்கொள்வதற்குக் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்த எனக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மிகத் திட்டமாக இருந்தார். காரில் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால், சின்னக் கீறல் என்றாலும், பயிற்றுநர் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். பழகுபவரின் கண் எங்கே இருந்தது? கை எங்கே இருந்தது? காருக்குள் கடைசியாகப் பேசப்பட்ட சொல் எது? மூன்றாவதை ஒரு நீலக் கொப்பியில் தன் கையாலேயே எழுதிக்கொள்வார். ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்தேன். "பாருங்கோ" என்று பல இடங்களில் இருந்தது. "பயப்பிடாதையுங்கோ" அதைவிடக் கூடுதலாக இருந்தது.

சொல் இவ்வளவு சிக்கலானது என்று நான் முதலில் விளங்கிக்கொண்டது சென்னையிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி மாணவரிடம். நகரின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். பெயர் ராகவன். முதல் வகுப்பில் பச்சை விளக்கு விழுந்தது.

"இப்ப ஓடுங்கோ" என்றேன்.

அவர் பெல்ட்டில் கை வைத்தார். "எங்க மேடம் ஓடணும்? இறங்கியா?"

"இல்லை, காரை ஓடுங்கோ."

"ஓ, ஓட்டணுமா! அப்புறம் ரைட்ல ஒடிக்கணுமா?"

"ஏன் உடைக்கிறீங்கள்?" என்று நான் பதறிவிட்டேன். அவர்கள் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவதைத்தான் ஒடிப்பது என்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பச்சை போய் மஞ்சள் வந்து சிவப்பும் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். பேச்சு வேறுபட்ட இடங்களில்தான் குழப்பம் வரும் என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகிவிட்டதாக நினைத்தேன். அது பிழை.

யோகா அன்ரி யாழ்ப்பாணத்துக்காரி. என் அம்மாவும் அவரும் ஒரே மாதிரித்தான் கதைப்பார்கள். ஐம்பத்தொரு வயது. ஏற்கெனவே இரண்டு தடவை ஓட்டப் பரீட்சையில் தவறியிருந்தார். அவரைப் பழக்கியவர் வேலையை விட்டுப் போனதால், மூன்றாவது பரீட்சைக்கு முன் ஆறு வகுப்புகளுக்கு என்னிடம் வந்தார்.

வந்த நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார். வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்று, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கத்தில் அவருக்கு முழுநேர வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வீட்டுக்கு வீடு போகவேண்டும், ஆகவே லைசன்ஸ் கட்டாயம். மாத முடிவு வரைதான் இடத்தை வைத்திருப்பார்கள். இந்தத் தடவையும் தவறினால் அடுத்த பரீட்சைக்கு ஒரு மாதம் காத்திருக்கவேண்டும். அதற்குள் இடம் போய்விடும்.

"பத்தொன்பது வருசம் ஃபக்டரியிலை சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான் பிள்ளை. அதையும் பூட்டியிட்டாங்கள். இனியாவது ஒரு மனிசற்றை முகத்தைப் பாத்து வேலை செய்வம் எண்டு ஆசை."

என்ன ஃபக்டரி என்று நான் கேட்கவில்லை. என் படிவத்தில் அதற்கு இடமில்லை.

ஜாரி வீதியில் முதல் இடது திருப்பம். எதிரே வாகனம் இல்லை. சந்திக்குள் போனார், நிறுத்தினார், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றினார், காரை எடுத்தார், மறுபடி நிறுத்தினார், நேராக்கினார், போனார். பின்னால் வந்தவர் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

"அன்ரி, ஏன் நிண்டனீங்கள்?"

"எங்கை நிண்டனான்?"

"இப்ப, சந்திக்கு நடுவிலை."

"நான் நிக்கேல்லையே பிள்ளை. திருப்பினனான்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தான் நின்றது அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. முன்னைய இரண்டு பரீட்சைத் தாள்களிலும் இதுதான் எழுதப்பட்டிருந்தது: காரணமின்றிச் சந்தியில் நிறுத்துதல்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் காரணங்களைப் பட்டியலிட்டேன். பயமாக இருக்கலாம். ஆனால் நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது பாட்டு முணுமுணுக்கிற மனுஷி அவர், பயம் இல்லை. கண்ணாக இருக்கலாம். பார்வை சரியாகவே இருந்தது. இருக்கை, கையின் நீளம், பிரேக்கில் வைக்கும் கால் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இரண்டாவது வகுப்பு முடிந்தபோது பட்டியலில் வெட்டப்படாத வரி ஒன்றும் மிச்சமில்லை. காரணமே இல்லாமல் ஒரு கார் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு தடவை நின்றுகொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லவேண்டும். ஓடுகிற காரின் முன்சக்கரங்கள் தாமாகவே நேருக்கு வரப் பார்க்கும். அவை பூட்டியிருக்கும் அச்சு சற்றுப் பின்சாய்ந்திருப்பதால் அப்படி. ஆகவே திருப்பம் முடியும்போது நாம் ஸ்டியரிங்கைத் திரும்பச் சுற்றத் தேவையில்லை. பிடியைத் தளர்த்தினால் அது கைக்குள் வழுக்கிக்கொண்டு நேருக்கு வரும். வழுக்கும் வேகத்தை உள்ளங்கை கட்டுப்படுத்தும். நிதானமான ஓட்டம் என்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் நிற்கிற காரில் இது நடக்காது. யோகா அன்ரி திருப்பத்தில் நின்றுவிடுவதால் ஸ்டியரிங் தானாக வரும் என்பதை அவர் கைகள் ஒருநாளும் உணர்ந்ததில்லை. நானோ ஒவ்வொரு திருப்பத்திலும் "விடுங்கோ, விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குகன் அண்ணை அப்படித்தான் சொல்வார். நானும் அப்படியே பழகியிருந்தேன்.

மூன்றாவது வகுப்பில் ஒரு பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து ஹோர்ன் அடித்தது. அதன் பதற்றத்தில் யோகா அன்ரி முதல்முறையாக நிற்காமல் இடப்பக்கம் திரும்பினார். அழகான திருப்பம். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அப்பிடித்தான்! இப்ப விடுங்கோ அன்ரி, விடுங்கோ!"

விட்டார். இரண்டு கையையும். பொலிஸைக் கண்டவர் போலக் கைகள் இரண்டும் தோளுக்கு மேலே நின்றன. ஸ்டியரிங் சுழன்று நேருக்கு வந்தது. பாதி திரும்பிய கார் வலப்பக்க ஓரத்துக்குப் போனது. நான் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் வீதி வேலைக்கு வைத்திருந்த செம்மஞ்சள் கூம்புகளில் இரண்டு விழுந்துவிட்டன.

வேலையாள் ஒருவர் ஆறுதலாக நடந்து வந்தார். கூம்புகளை நிமிர்த்தி வைத்தார். என் பக்கத்துக் கார்க் கண்ணாடியருகே குனிந்து, "போன்ஜூர்" என்றார். திரும்பித் தன் வேலைக்குப் போனார்.

யோகா அன்ரி கார் ஓரமாக நின்ற பிறகும் கையைக் கீழே போடவில்லை.

"நீங்கள்தானே பிள்ளை விடச் சொன்னனீங்கள்."

"ஓம் அன்ரி, ஆனா..."

"விட்டனான்தானே?"

அவர் பெல்ட்டைக் கழற்றினார். "எனக்கு உது சரிவராது. நான் பஸ்ஸிலை போறன்" என்று இறங்கி, அதே பஸ்ஸின் அடுத்த தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.

பள்ளிக்குப் போய்க் குகன் அண்ணையின் மேசை முன் நின்றேன். நீலக் கொப்பியைத் திறந்தார்.

"கண்?"

"ரோட்டிலை."

"கை?"

"மேலை."

"எதுக்கு மேலை?"

"ஒண்டுக்கும் மேலை இல்லை அண்ணை. சும்மா மேலை."

"கடைசிச் சொல்?"

"விடுங்கோ."

எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "விடுங்கோ எண்டால் ஆரும் விடத்தான் செய்வினம்."

"அப்ப என்ன சொல்லோணும் அண்ணை?"

கொப்பியை மூடினார். "எனக்குத் தெரியாது. நான் இத்தினை வருசமும் விடு எண்டுதான் சொல்லுறன். ஒருத்தரும் விடேல்லை."

யோகா அன்ரி தன் பயிற்சிப் பதிவேட்டைக் காரிலேயே விட்டுப் போயிருந்தார். அது இல்லாமல் பரீட்சைக்குப் போகமுடியாது. அடுத்த நாள் பின்னேரம் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். செயின்ட்-மிஷேலில், வெளிப்பக்கம் இரும்புப் படி வளைந்து ஏறும் வீட்டின் இரண்டாம் மாடி. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு இரைச்சல். ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். எங்கேயோ கேட்ட தாளம் போல இருந்தது.

முன்னறையில் தொழிற்சாலைத் தையல் மெஷின் ஒன்று நின்றது. ஃபக்டரி பூட்டியபோது வாங்கி வந்தாராம். ஒரு சட்டைக் கொலரைத் தைத்துக்கொண்டிருந்தார். மூலை வந்ததும் மெஷின் நின்றது. ஊசி துணிக்குள் இறங்கி நின்றது. முழங்காலால் ஒரு தகட்டைத் தள்ளித் துணியை அமுக்கும் பாதத்தைத் தூக்கினார், துணியைத் திருப்பினார், பாதத்தை விட்டார், தைத்தார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அன்ரி, இதைத்தான் நீங்கள் ஜாரி வீதியிலையும் செய்யிறீங்கள்."

"எதை?"

"நிப்பாட்டித் திருப்புறதை."

அவர் கொலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பின்னை? ஊசி கீழை நிக்கேக்கைதானே பிள்ளை திருப்பலாம். ஓட ஓடத் திருப்பினால் மூலை போயிடும்." சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "அட கடவுளே. பத்தொன்பது வருசம்."

எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் வெட்கமும். கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

"எல்லாத்தையும் நிப்பாட்டித்தான் தைப்பீங்களோ அன்ரி?"

"சீ, சட்டைக்கை பொருத்தேக்கை நிக்கக் கூடாது. நிண்டால் சுருக்கு விழும். வளைஞ்சு வளைஞ்சு ஒரே ஓட்டமாப் போகோணும்." கீழ்வீட்டுப் பெண்ணின் சாரிச் சட்டை ஒன்றை எடுத்துக் கையைப் பொருத்திக் காட்டினார். தோள் வளைவில் துணி தானாகப் போவது போல இருந்தது. அவர் விரல்கள் அதன் மேல் கிடந்தன, அவ்வளவுதான்.

"நீங்கள் மற்றக் கையைத் தைச்சுப் பாருங்கோ."

"ஐயோ, ஆற்றையோ சட்டை அன்ரி."

"பிழைச்சால் பிரிக்கலாம். உங்கடை காரை நான் பிரிக்கவே ஏலாது, அதையே தந்தனீங்கள்."

உட்கார்ந்தேன். மிதித்ததும் மெஷின் பாய்ந்தது. நான் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கீழே இருக்கும் பற்கள் துணியை முன்னே இழுக்க, நான் பின்னே இழுத்தேன். நூல் திணறியது.

"பிடிக்காதையுங்கோ பிள்ளை, அது தானாப் போகும். விடுங்கோ, விடுங்கோ!"

விட்டேன். இரண்டு கையையும்.

துணி திரும்பிக்கொண்டு போனது. கால் மிதியில் இருந்ததால் மெஷின் நிற்கவில்லை. நான் காலை எடுத்தபோது சட்டையின் கை சட்டையின் கழுத்தோடு சேர்ந்து தைபட்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருந்தோம். முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. யோகா அன்ரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் கையை விடச் சொல்லேல்லை பிள்ளை."

"நானும் சொல்லேல்லை அன்ரி."

"அப்ப என்னத்தைச் சொன்னனாங்கள்?"

நல்ல கேள்வி. இரண்டு பேரும் அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டே யோசித்தோம். விட்டுப்பிடிக்கிறது என்று நான் சொன்னேன், அது பொருந்தவில்லை. தளர்த்துகிறது என்றால் எவ்வளவு என்ற கேள்வி வந்தது. கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். "போக விடுறது. கை அதிலைதான் கிடக்கும். துணி கைக்குள்ளாலை போகும். கையை விடுறது வேறை, கைக்குள்ளாலை போக விடுறது வேறை."

நான்காவது வகுப்பில் நான் சொன்னது இரண்டே வசனம். திருப்பத்துக்கு முன் "கை பொருத்துறம் அன்ரி". திருப்பம் முடிய "போக விடுங்கோ". யோகா அன்ரி நிற்கவில்லை. ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் வழுக்கி நேருக்கு வந்தது. ஒன்பது வருடத்தில் நான் பார்த்த கைகளில் அவற்றைப் போல மிருதுவானவை வேறில்லை. ஐந்தாவது வகுப்பிலும் அப்படியே. நான் அந்தக் கைகளை விட்டு வேறெதையும் பார்க்கவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்.

ஆறாவது வகுப்பில் குகன் அண்ணை பின்னால் ஏறினார். பெல்ட் போட்டார், கண்ணை மூடினார். செயின்ட்-மிஷேலைச் சுற்றி, மொன்ட்ரியால்-நோர் வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது கழுத்தைத் தடவினார்.

"கழுத்துக்கு ஒண்டுமே தெரியேல்லை" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. யோகா அன்ரியிடம், "நீங்கள் இனிச் சென்ட்-ஆனுக்குப் போகலாம்" என்றும் சொன்னார்.

மாத முடிவுக்கு நான்கு நாள் இருக்கையில் பரீட்சை. பரீட்சை வைப்பவர் கையில் ஒரு டப்லெட்டுடன் வந்து, பிரெஞ்சில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யோகா அன்ரி எழும்பிப் போனார். மண்டபத்தில் காத்திருந்த நேரம் முழுவதும் எனக்குக் கொஞ்சமும் பதற்றம் இருக்கவில்லை. எதையெல்லாம் சரிபார்த்தோம் என்று மனதுக்குள் பட்டியல் ஓடியது. எல்லாவற்றுக்கும் சரி போட்டாகிவிட்டது.

கையில் தாளோடு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"திருப்பம் எல்லாம் வலு திறமாம் பிள்ளை. அவர் வாயாலை சொன்னவர்."

"அப்ப பாஸ்தானே அன்ரி?"

"இல்லை. அரேயிலையும் போக விட்டிட்டன்."

அரே என்பது இங்கே சந்திக்குச் சந்தி நிற்கும் சிவப்புப் பலகை. அதில் கார் முற்றாக நிற்கவேண்டும். சக்கரம் மெல்ல உருண்டாலே தோல்வி. யோகா அன்ரி இரண்டு இடத்தில் நிற்காமல் உருண்டு போயிருக்கிறார், மிருதுவாக. எங்கெல்லாம் நிற்கக் கூடாதோ அங்கெல்லாம் நின்ற மனுஷிக்கு நான் நிற்காமல் போகக் கற்றுக்கொடுத்தேன். எங்கே நிற்கவேண்டும் என்பது அதோடு சேர்ந்து கரைந்து போயிருக்கிறது. ஐந்தாவது வகுப்பிலேயே அது நடந்திருக்கவேண்டும். நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவதில் குகன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அரேயில் உருண்டு போகும் கார் கழுத்துக்கு நோகாது.

வாகனத் தரிப்பிடத்துக்கு வந்ததும் யோகா அன்ரி கைபேசியை எடுத்தார். அந்த நிறுவனம் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடவேண்டும் என்றார். அவர் பிரெஞ்சு பேசி அன்றுதான் முழுதாகக் கேட்டேன். ஃபக்டரியில் பழகிய பிரெஞ்சு, இலக்கணம் இல்லை, தயக்கமும் இல்லை. தவறிவிட்டேன், என் பிழை, அடுத்த மாதம் மறுபடி எடுப்பேன் என்றார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேசியது. "மெர்ஸி" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "மெர்ஸி".

"இடத்தை வேறை ஆளுக்குக் குடுக்கினமாம். இஞ்சை பக்கத்திலை, பஸ்ஸிலை போகக்கூடிய வீடுகள் மூண்டு நாலு இருக்காம். வேணுமெண்டால் அதைச் செய்யட்டாம்."

"செய்வீங்களோ?"

"செய்யாமல்? அங்கையும் முகம் இருக்கும்தானே."

வீடு வரை நான்தான் ஓட்டினேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருந்தது, எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பழக்கியது பிழையா? பழக்கியது சரிதான், தாளிலேயே இருக்கிறது. குகன் அண்ணையிடம் போய், இதைக் கொப்பியில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். கண் சரி, கை சரி, கடைசிச் சொல் பரீட்சைக்காரருடையது. அவர் கொப்பியைத் திறந்தார், ஒன்றும் எழுதாமல் மூடினார். அடுத்த வாரத்திலிருந்து பின்னிருக்கையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். கண்ணைத் திறந்தால் கழுத்து ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டார்.

யோகா அன்ரி அடுத்த மாதம் என்னிடம் வகுப்புக்கு வரவில்லை. இரண்டு தடவை அழைத்தேன். பிறகு கதைக்கிறன் பிள்ளை என்றார். கோபமா, வேலை அதிகமா, வெட்கமா என்று எழுதி, வெட்ட எதுவும் இல்லாமல் வைத்திருந்தேன்.

பனி கரைந்த பிறகு ஒரு நாள் பள்ளி வாசலில் ஒரு சிறிய சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஓட்டுபவர் பக்கக் கண்ணாடி இறங்கியது. யோகா அன்ரி.

"அன்ரி! எப்ப எடுத்தனீங்கள்?"

"போன மாசம். மொன்ட்ரியால்-நோரிலை ஒரு ஹெய்ட்டிக்காரரிட்டைப் பழகினனான். சென்ட்-ஆனுக்குத் திங்களும் வியாழனும் போறன். ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும். முழுநேரம் இல்லை. அது மற்றப் பிள்ளைக்குப் போயிட்டுது."

சந்தோஷமாக இருந்தது. அதோடு வேறொன்றும் இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"என்னிலை கோவமோ அன்ரி?"

"கோவமோ? விசரே பிள்ளை உங்களுக்கு. திரும்பப் பழக்கினது நீங்கள். நிக்கப் பழக்கினது அந்தாள்."

"அவர் என்னெண்டு சொல்லித் தந்தவர்?" என் கை தானாகப் பையில் பேனாவைத் தேடியது.

"ஆருக்குத் தெரியும்? பாதி பிரெஞ்சு, பாதி அவையின்ரை பாஷை, கடகடவெண்டு கதைப்பார். எனக்கு ஒண்டும் விளங்கிறேல்லை. அதாலை ரோட்டைப் பாத்தனான்."

சொல்லிவிட்டு, தனக்குத் திங்கட்கிழமை ஐயா காத்திருப்பார் என்று காரை எடுத்தார். நான் பாதையோரத்தில் நின்றேன். சந்தியில் இருந்த சிவப்புப் பலகையில் கார் நின்றது. குறுக்கே ஒருவரும் வரவில்லை. இருந்தும் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஆறில் பின்னால் வந்த வான்காரர் ஹோர்ன் அடித்தார். எட்டில் கார் நகர்ந்து இடப்பக்கம் திரும்பியது, ஒரே ஓட்டமாக. உள்ளே அவர் கைகள் என்ன செய்தன என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.